நீ பாதியில் விட்டு ஓடிய ஆட்டம்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் ரெண்டாவது வாக்கியத்திலேயே "அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் நீ அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் மாமா செல்வம் நாளைக்குக் கோயம்புத்தூர் வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. என் கூடப் பிறந்தவன், செய்த காரியத்துக்கு ஊரில் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டான். கோச் சார் எனக்கே போன் செய்துவிட்டார். "அம்மா, வடக்க நடக்குற பயிற்சி முகாமுக்கு இவன் பேரு வந்துருச்சு. ஞாயித்துக்கெழம ரயிலு. போக மாட்டேங்கிறான். ஏன்னு கேட்டா எங்கம்மாவக் கேளுங்கங்கிறான்" என்றார். நான் என்ன பதில் சொல்வேன்? எங்கம்மா வெடிக் கம்பெனி வேலையை விடுகிற வரைக்கும் நான் மட்டையைத் தொட மாட்டேன் என்று என் பிள்ளை சபதம் போட்டிருக்கிறான் என்றா சொல்வேன்? பேசிப் பார்க்கிறேன் சார் என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ போகாமல் இருந்துவிடுவாயோ என்று ஒரு பயம். போனால் அங்கே என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். ரெண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நான் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தது உன் முகத்தைப் பார்க்கத்தான். ஆட்டம் ஒரு எழவும் புரியவில்லை. எதற்கெடுத்தாலும் விசில் அடிக்கிறார்கள், எதற்கு அடித்தார்கள் என்று தெரிவதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. இதில் கல்லூரி ஹாக்கி எந்த டிவியிலும் வராது. கிரிக்கெட் என்றால் தெருவில் ஆடினால்கூடக் காட்டுவார்கள் போலிருக்கிறது. முதல் வருஷம் உன் ரூம்மேட் கார்த்தி, அந்த சாத்தூர்ப் பையன், கேலரியில் உட்கார்ந்து வீடியோ காலில் காட்டினான். நான் பார்த்ததில் முக்கால்வாசி அவன் கட்டைவிரல். அப்புறம் ஏதோ ஒரு ஆப்பில் வருகிறது என்றாய். அது ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. உன் அப்பா போனுக்குப் போனது. அப்பா போன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் பெட்டிக்குள் கிடந்தது. உள்ளே போகிற யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, வேன் ஓட்டுகிற அவராக இருந்தாலும் சரி. சாயந்தரம் அவர் வந்து நம்பரைச் சொன்னபோது நீங்கள் ஜெயித்து, குளித்து, பரோட்டா சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் போட்டி நடத்துகிறவர்களே யூடியூபில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். கேபிள் டிவி நடத்துகிற உன் மாமா விடுவானா? "அக்கா, நீ சின்ன போன்ல பாக்க வேணாம், நம்ம லோக்கல் சேனல்ல விட்டுர்றேன்" என்று காதுகுத்து வாழ்த்தும் கோவில் கொடையும் ஓடுகிற சேனலில் உன் ஆட்டத்தை விட்டான். ஊரே உட்கார்ந்து பார்த்தது.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். பெனால்ட்டி கார்னர் என்று தப்புக்குத் தண்டனையாகக் கோலைப் பார்த்து அடிக்க விடுகிறார்களே, அது என்ன, கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பந்துக்கு நேராக ஓடுகிறவன் யார், அவன் எதற்காக முகமூடி மாட்டுகிறான் எல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்குத்தான் நிம்மதி போனது. அந்த முதல் ஆள் நீ. அடிக்கிறவன் பலமாக அடிக்கிற பந்துக்குக் குறுக்கே நெஞ்சை நீட்டிக்கொண்டு ஓடுகிறாய். கேமராவோ பந்துக்குப் பின்னாலேயே போகிறது. எனக்கு வேண்டியது பந்தா? பந்து பட்ட பிள்ளை எழுந்தானா இல்லையா என்று காட்டாமல் அந்தக் கோடியில் யாரோ கோல் போடுவதைக் காட்டுகிறார்கள். போன வருஷ அரையிறுதியில் உன் தொடையில் பட்டு நீ விழுந்ததைப் பார்த்தேன், அப்புறம் உன்னைக் காணவில்லை. என்னால் பொறுக்க முடியாமல் கோச் சாருக்கு அடித்தேன். "சார், அவன வெளிய எடுத்துருங்க சார்" என்றேன். "அம்மா, நான் கிரவுண்டுல நிக்கேன், மேட்ச் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார் பாவம். உன் கூட ஆடுகிறவர்கள் ஒரு மாதம் உன்னை 'வெளிய எடுத்துருங்க சார்' என்றே கூப்பிட்டார்களாம். அன்றைக்கு நீ கோபத்தில் சொன்னாய், இனிமேல் நான் ஆடும்போது நீ பார்க்காதே என்று. ஏன் அந்த இடத்தில் போய் ஓடுகிறாய் என்று நான் கேட்டதற்கு, "யாராச்சும் ஓடித்தானம்மா ஆகணும், ஓடத் தெரிஞ்சவன் ஓடுறதுதான் நல்லது" என்றும் சொன்னாய். சரி பார்க்கவில்லை என்றேன். எந்த அம்மா அதைக் காப்பாற்றுவாள்?

அதனால்தான் சென்னையில் இறுதி ஆட்டம் நடந்த அன்றைக்குக் காலையில் உன்னிடம் பொய் சொன்னேன். "வேலைக்குக் கிளம்பிட்டேன்யா, நல்லா ஆடு, சாயந்தரம் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தீபாவளிக்கு முந்தின சீசன், லீவு கேட்டால் போர்மேன் மூஞ்சியைத் தூக்குகிற நேரம். சொந்தத்தில் காதுகுத்து என்று அவரிடமும் ஒரு பொய். உங்கள் ரெண்டாவது கோல் விழுந்ததும் நானே கத்திவிட்டேன். அடுத்த நிமிஷம் வெளியே படபடவென்று வெடிச் சத்தம். எழுந்து ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேபிள் ஆபீஸ் பக்கத்துக் காலி இடத்தில் சரவெடி வெடித்துக்கொண்டிருக்கிறது, உன் மாமா பக்கத்தில் நின்று ஆடிக்கொண்டிருக்கிறான்.

நாடு முழுக்க வெடி வெடிக்கலாம், நம் பக்கத்தில் பட்டப்பகலில் வெடிக்கலாமா? கல்யாண ஊர்வலத்துக்குக்கூட ராத்திரி, அதுவும் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வெடிப்போம். பகலில் சத்தம் கேட்டால் நமக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே இருக்கிற எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதும் ஒன்றுதான்: சத்தம் கேட்டால் முதலில் ஓடு, என்னவென்று அப்புறம் கேள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கம்பெனியில் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் வெளியே ஓடியிருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பாண்டியம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எம். புதுப்பட்டி ரோட்டில் போன எவனோ ஒருத்தன் பெண்கள் ஓடுவதைப் போனில் பிடித்து, கம்பெனி பேரைப் போட்டு, வெடி விபத்து, பலர் நிலை தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டான். "சந்தோசத்துல கை தானாப் போயிருச்சுக்கா, ஜெயிச்ச பெறகு போடணும்னுதான் வச்சிருந்தேன்" என்றான் மாமா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிற பேச்சா அது? நாலு நாளாகத் தன் சேனலிலேயே அடியில் வருத்தம் தெரிவித்து எழுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். கீழே வருத்தம் ஓடுகிறது, மேலே நைட்டி விளம்பரம் ஓடுகிறது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் நின்றதும் மாமாவை மனசுக்குள் திட்டிவிட்டு டிவிக்கு வந்துவிட்டேன். கால் மணி நேரம் போயிருக்கும், மூன்றாவது குவார்ட்டர் முடிந்த இடைவேளை. நீ தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நிற்கிறாய். கேலரியிலிருந்து கார்த்தி கம்பி வேலிக்கு ஓடி வந்து போனை நீட்டுகிறான். நீ குனிந்து பார்த்தாய். பாட்டில் கீழே விழுந்தது, நீ எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெயிண்ட் விளம்பரம் வந்தது. திரும்பி வந்தபோது ஆட்டம் ஆரம்பித்திருந்தது, உன் நாலாம் நம்பர் சட்டை மைதானத்தில் இல்லை. பெஞ்சைக் காட்டுவார்களா என்று பார்க்கிறேன், பந்தையே காட்டுகிறார்கள். வர்ணனை பேசுகிறவருக்கும் நீ இல்லாதது தெரியவில்லை. காலில் ஏதாவது பட்டிருக்குமோ, மயக்கமோ என்று தவித்துக்கொண்டிருக்கும்போது சாத்தூரிலிருந்து உன் சித்தி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அக்கா, நீ உசுரோட இருக்கியா? உங்க கம்பெனி வெடிச்சிருச்சுன்னு வந்துருக்கே" என்றாள். கார்த்தி போனில் நீ என்ன பார்த்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பிள்ளை என்னைச் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், நான் இங்கே அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிவிக்குள் கையை விட்டு உன் தோளைத் தொட முடியாதா என்று இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "ஏலே, நான் இங்கன இருக்கேன்லே" என்று கத்தினேன். பைத்தியம் மாதிரிதான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் போனுக்கு அடித்தேன். அது டிரெஸ்ஸிங் ரூமில் உன் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னாய். கோச் சார் எடுக்கவில்லை, போன தடவை பட்டது அவருக்கு மறக்குமா? மறுபடி உனக்கு, மறுபடி அவருக்கு. நீயோ கார்த்தி போனிலிருந்து எனக்கு அடித்துக்கொண்டிருந்தாய். நான் உனக்கு அடித்துக்கொண்டே இருந்ததால் உனக்கு என் லைன் பிஸி. "ஊரே ஒனக்கு அடிச்சுப் பாக்குதுன்னு நெனச்சேன்மா, எடுக்க ஆளில்லாம அங்கன கேட்டுல கெடக்குன்னு நெனச்சேன்" என்று நீ சொன்னாய். உன் அப்பா கம்பெனி வாசலில் எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பதைப் பார்த்து, "கீள வையி. நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவன் எப்பிடிக் கூப்பிடுவான்?" என்றார். வைத்தேன். உடனே மணி அடித்தது.

"அம்மா?" என்றாய்.

"நாந்தான்யா."

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான். நான் போகலய்யா இன்னைக்கி. ஒன் மேட்ச்சப் பாத்துக்கிட்டு இருக்கேன். கம்பெனிக்கி ஒண்ணும் ஆகல, ஒன் மாமன் வேட்டு போட்டான்."

பின்னால் ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டது. ஜெர்சியோடு எழும்பூருக்குப் போய்க்கொண்டிருந்தாய், நம் ஊருக்கு அந்த நேரத்தில் ரயில் உண்டா இல்லையா என்றுகூடப் பார்க்காமல். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ திட்டவில்லை. "எம்புட்டும்மா ஸ்கோரு?" என்றாய். ரெண்டுக்கு ரெண்டு, அவர்கள் இன்னொன்று போட்டுவிட்டார்கள் என்றேன். திரும்பிப் போ என்றேன். டிராபிக்கில் நிற்கிறது, போய்ச் சேர முடியாது என்றாய். "டிவிய சத்தமா வையிம்மா" என்றாய். நான் போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தேன். உன் ஆட்டத்தை நீ சென்னை ரோட்டில் ஆட்டோவில் உட்கார்ந்து, நம் வீட்டு டிவி வழியாகக் கேட்டாய். வர்ணனைக்காரர் இங்கிலீஷில் வேகமாகப் பேசுவது காதில் விழவில்லை, நீயே சொல்லும்மா என்றாய். நானும் சொன்னேன். உன் அப்பா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கு பெனால்ட்டி கார்னர்யா. கடைசி நிமிசம்."

"யாரும்மா ஓடுறா?"

"பன்னெண்டாம் நம்பர் முகமூடி மாட்டுறான்."

"அவன் லேட்டாத்தான் கெளம்புவான்மா."

அவன் லேட்டாகத்தான் கிளம்பினான். பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. டிவியில் போட்ட கூச்சல் உனக்கே கேட்டிருக்கும். "சரிம்மா" என்றாய். அப்புறம், "நீ சாப்பிட்டியா?" என்றாய். மூன்று வருஷம் நீ காத்திருந்த கோப்பை அந்த நிமிஷம் போனது, நீ என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாய்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளை எனக்காக எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினான் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் வேனில் பாண்டியம்மாவிடம்கூட, கட்டுப்போட்ட கையோடு சம்பளம் வாங்க வந்தவளிடம், அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவள் கேட்டாள்: "அது சரி மதினி, மத்த பயலுகல்லாம் இப்ப அவங்கூடப் பேசுறாகளா?" அந்தப் பெருமை அத்தோடு போனது. அந்தப் பதினைந்து பேரின் அம்மாக்களும் எங்கோ உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அவர்களும் யாரிடமாவது பொய் சொல்லி லீவு எடுத்திருப்பார்கள். கோச் சார் உன்மேல் கோபப்படாமல் உன் பேரை முகாமுக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் அது அவருடைய நல்ல மனசு. அந்த மனசுக்கு நீ கொடுக்கிற மரியாதை, போகமாட்டேன் என்பதா?

இனி என் வேலை. நான் அதை விடப் போவதில்லை, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தும்மினால் கோச் சாருக்கு அடிப்பேன். காலையில் வேன் வந்து நிற்கிறபோது ஏறினால்தான், நாலு பேரோடு பேசிச் சிரித்து வேலை செய்தால்தான், பொழுது சாய்கிற வரைக்கும் உன்னைப் பற்றிய பயம் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். அது எனக்கு வேண்டும். ஆனால் நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கும் பயம்தான். உரசிப் பொறி வந்துவிடக் கூடாதென்று தினமும் காலில் இருக்கிற மெட்டியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? அதனால் போர்மேனிடம் போய் நின்றேன். வெடிமருந்து நிரப்புகிற அறை இனி வேண்டாம், பேக்கிங் பக்கம் மாற்றுங்கள் என்று கேட்டேன். "இம்புட்டு வருசம் இல்லாத பயம் இப்ப என்னம்மா?" என்றார். "எம்மகன் ரயிலேற மாட்டேங்கிறான் அண்ணாச்சி" என்றேன். சிரித்துவிட்டு மாற்றிக்கொடுத்துவிட்டார். லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, லோடு ஏற்றுகிற இடத்துக்கு அனுப்புகிற வேலை. வருமானம் குறையும், உன் அப்பா சரி என்றுவிட்டார். அங்கே ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. உன் மேல் பந்தே படாது என்று நீயும் எனக்குச் சத்தியம் செய்ய முடியாதில்லையா?

கேட் ஆபீஸ் நம்பரை மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், உன் போனிலும் கார்த்தி போனிலும் போட்டுக்கொள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ கூப்பிட்டால் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டு வருவார். எது கேள்விப்பட்டாலும் முதலில் அந்த நம்பருக்கு அடி. உன் ஆட்டத்தன்றைக்கு நான் லீவு போட்டால் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நீயும் ஆட்டத்தைப் பார்க்காதே என்று என்னிடம் சொல்லாதே. சொன்னாலும் பார்ப்பேன். கோச் சாருக்கு மட்டும் போன் செய்யமாட்டேன், அதற்கு உன் அப்பா ஜாமீன்.

இதற்கு மேல் எழுத வேண்டியதை நேற்றிலிருந்து தள்ளிப் போட்டேன். நீ எங்கோ வடக்கே ஆடிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஒரு நாள் இப்படி ஒரு செய்தி வரலாம். கேட்டுக்கு அடித்துப் பார்க்கிறபோது அது நிஜமாகவும் இருக்கலாம். அப்படி வந்தாலும் ஆட்டத்தை முடித்துவிட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்ல அம்மா அப்படித்தான் எழுதுவாள் என்று தோன்றியது. எழுதிப் பார்த்தேன், வாசித்தால் பொய்யாக இருந்தது, அந்தத் தாளையே எடுத்துவிட்டேன். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை ராசா. நிஜமாக இருந்தால் நீ ஓடித்தான் வரவேண்டும். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி, யார் பேசாமல் போனாலும் சரி, எனக்கு நீ வேண்டும். அந்த ஒரு நாள் வருமோ வராதோ எனக்குத் தெரியாது. வந்தால் அந்த ஒரு நாளை எனக்குக் கொடு. மற்ற நாள் எல்லாம் ஆடு. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறு.

அம்மா